கட்டை விளையாட்டுக்குள் கால்குலேட்டர்: மைன்கிராஃப்டில் இரும எண் கணிப்பு இயங்குவது எப்படி?

மைன்கிராஃப்ட் விளையாட்டில் எண்களைக் கூட்டத் தெரிந்த கட்டை எதுவும் இல்லை. மண், கல், மரம், கண்ணாடி எனக் கனசதுரக் கட்டைகளும், மின்கம்பியைப் போலச் செயல்படும் ரெட்ஸ்டோன் என்ற செந்நிறத் தூளும், அதனுடன் இணையும் சில கருவிகளுமே உள்ளன. ஆயினும் இவற்றைக் கொண்டே கூட்டவும் கழிக்கவும் பெருக்கவும் வல்ல கால்குலேட்டர்களை உலகெங்கும் உள்ள ஆட்டக்காரர்கள் கட்டி வருகின்றனர்.

தொடக்கத்தில், இத்தகைய கருவியைக் கட்ட முடியுமா என்பதே கேள்வியாக இருந்தது. இன்று, எவ்வளவு குறைந்த இடத்தில் கட்ட முடியும் என்பதே போட்டி. இது வெறும் அழகு சார்ந்த விருப்பம் அன்று. இவ்விளையாட்டில் தூரம் என்பது நேரம்; பெரிதாகக் கட்டப்பட்ட கால்குலேட்டர் மெதுவாக விடை சொல்லும், சில வேளைகளில் தவறாகவும் சொல்லும். உண்மையான கணினிச் சில்லுகளை வடிவமைப்போர் எதிர்கொள்ளும் சிக்கலும் அடிப்படையில் இதுவே.

ரெட்ஸ்டோன் என்றால் என்ன?

ஸ்வீடன் நாட்டைச் சேர்ந்த மார்க்கஸ் பெர்சன் உருவாக்கிய மைன்கிராஃப்ட், 2009ஆம் ஆண்டு மே மாதம் முதன்முதலில் பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. 2014இல் இதன் உரிமை நிறுவனமான மோஜாங்கை மைக்ரோசாஃப்ட் 250 கோடி டாலருக்கு வாங்கியது. 2023ஆம் ஆண்டுக்குள் விற்பனை 30 கோடி பிரதிகளைக் கடந்தது.

இந்த விளையாட்டில் 2010ஆம் ஆண்டு ரெட்ஸ்டோன் சேர்க்கப்பட்டது. கதவைத் தானாகத் திறக்கவும் பொறிகளை அமைக்கவும் அறிமுகமான இத்தூளைக் கொண்டு, அதே ஆண்டிலேயே ஆட்டக்காரர்கள் கணக்கிடும் சுற்றுகளைக் கட்டத் தொடங்கிவிட்டனர்.

இதன் விதிகள் எளியவை. தரையில் தூவப்பட்ட ரெட்ஸ்டோன் தூள் ஒரு கம்பி போன்றது. லீவரைத் தட்டினால் அதில் சமிக்ஞை பாயும். சமிக்ஞையின் வலிமை 15இல் தொடங்கி, ஒவ்வொரு கட்டையைக் கடக்கும்போதும் ஒன்று குறையும். எனவே 15 கட்டைகளுக்கு அப்பால் அது செல்லாது. மேலும் செல்ல வேண்டுமானால் ரிப்பீட்டர் என்ற கருவியை வழியில் வைக்க வேண்டும். அது வலிமையை மீண்டும் 15 ஆக்கும். ஆனால் அதற்குக் குறைந்தது 0.1 வினாடி எடுத்துக்கொள்ளும்.

ரெட்ஸ்டோன் டார்ச் மற்றொரு முக்கியக் கருவி. கட்டை ஒன்றின் மீது பொருத்தப்பட்ட டார்ச் இயல்பாக எரிந்துகொண்டிருக்கும். அக்கட்டைக்குச் சமிக்ஞை வந்தால் 0.1 வினாடியில் அணைந்துவிடும். அதாவது, 'உண்டு' என்பதை 'இல்லை' என்றும், 'இல்லை' என்பதை 'உண்டு' என்றும் மாற்றும் கருவி அது.

இரண்டே இலக்கங்கள்

சமிக்ஞை இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. இந்த இரண்டு நிலைகளைக் கொண்டே எந்த எண்ணையும் எழுதலாம் என்பதே இரும எண்முறை. பத்தின் அடுக்குகளான 1, 10, 100 என்ற இடமதிப்புகளுக்குப் பதிலாக, இங்கு 1, 2, 4, 8 என ஒவ்வோர் இடத்தின் மதிப்பும் இரு மடங்காகும். ஐந்து என்பது 0101. மூன்று என்பது 0011. எட்டு இடங்கள் இருந்தால், அதாவது எட்டு பிட் இருந்தால், 0 முதல் 255 வரை எழுத முடியும்.

இருநிலை வரிசைகளைக் கொண்டு எண்ணும் சிந்தனை இந்தியாவுக்குப் புதிதன்று. யாப்பிலக்கண ஆசிரியரான பிங்கலர், குறில் நெடில் போன்ற லகு, குரு என்ற இரண்டு அலகுகளால் அமையக்கூடிய சீர் வடிவங்கள் அனைத்தையும் ஒழுங்காக வரிசைப்படுத்தும் முறையை வகுத்தார். இரும எண் கணிதத்தை விளக்கும் லைப்னிட்ஸின் கட்டுரை ஐரோப்பாவில் 1703இல் வெளியானது.

டார்ச்சுகளில் பிறக்கும் தருக்கம்

எண்களைக் கூட்டுவதற்கு முன், சமிக்ஞைகளை ஒப்பிட்டு முடிவெடுக்கும் தருக்க வாயில்கள் தேவை. இரண்டு தூள் தடங்களை ஒன்றாக இணைத்தால், ஏதாவது ஒன்றில் சமிக்ஞை இருந்தாலும் வெளியீடு கிடைக்கும். இது 'ஆர்' வாயில். ஒற்றை டார்ச்சே 'நாட்' வாயில்.

இரண்டு உள்ளீடுகளிலும் சமிக்ஞை இருந்தால் மட்டுமே வெளியீடு தரும் 'ஆண்ட்' வாயிலுக்கு மூன்று டார்ச்சுகள் போதும். முதல் இரண்டு டார்ச்சுகளும் இரண்டு உள்ளீடுகளைத் தலைகீழாக்கும்; அவற்றின் வெளியீடுகளை இணைத்து மூன்றாவது டார்ச் மீண்டும் தலைகீழாக்கும். 'இரண்டில் ஒன்றுகூட இல்லாமல் இல்லை' என்றால் 'இரண்டும் உண்டு' என்றே பொருள். டி மார்கன் விதி என்று பாடநூல்களில் வரும் இக்கருத்தை, ஆட்டக்காரர் பெயர் தெரியாமலே மூன்று டார்ச்சுகளில் கட்டிவிடுகிறார்.

இரண்டு உள்ளீடுகளும் வேறுபட்டால் மட்டும் வெளியீடு தருவது 'எக்ஸ்-ஆர்' வாயில். கூட்டலின் உயிர்நாடி இதுவே. 0உம் 0உம் 0. 0உம் 1உம் 1. 1உம் 1உம் கூடினால் அந்த இடத்தில் 0, மீதி 1. அந்த இடத்தில் எழுத வேண்டிய இலக்கத்தை 'எக்ஸ்-ஆர்' வாயிலும், இடப்புறம் எடுத்துச் செல்ல வேண்டிய மீதியை 'ஆண்ட்' வாயிலும் தருகின்றன. இவை இரண்டும் சேர்ந்தது அரைக்கூட்டி. வலப்புறத்தில் இருந்து வரும் மீதியையும் சேர்த்துக்கொள்ளும் வகையில் இரண்டு அரைக்கூட்டிகளை இணைத்தால் முழுக்கூட்டி. எட்டு பிட் கால்குலேட்டருக்கு, இத்தகைய எட்டு முழுக்கூட்டிகளை வரிசையாக அடுக்கினால் போதும்.

'மீதி ஒன்று' என்ற தலைவலி

கணக்கு முடிந்துவிட்டதாகத் தோன்றும் இந்த இடத்தில்தான் உண்மையான சிக்கல் தொடங்குகிறது. ஐந்தையும் மூன்றையும் இரும முறையில் கூட்டிப் பார்த்தால் இது விளங்கும். 0101உடன் 0011ஐக் கூட்டும்போது, வலக்கோடி இடத்தில் 1உம் 1உம் சேர்ந்து 0, மீதி 1. அந்த மீதி அடுத்த இடத்தில் சேர்ந்து மீண்டும் 0, மீதி 1. மூன்றாவது இடத்திலும் அதுவே. இறுதியில் இடக்கோடியில் 1 நின்று, 1000 என்ற விடை வருகிறது. அதுவே எட்டு.

ஒவ்வோர் இடமும் தனக்கு வலப்புறத்தில் இருப்பது முடிவெடுக்கும் வரை காத்திருக்க வேண்டும். மீதி ஓர் இடத்தைக் கடக்க இரண்டு டார்ச்சுகளைத் தாண்ட வேண்டும் எனக் கொண்டால், ஓர் இடத்துக்கு 0.2 வினாடி. எட்டு பிட் கூட்டலுக்கு 1.6 வினாடி, 16 பிட் கூட்டலுக்கு 3.2 வினாடி. பெருக்கல் என்பது இடம் மாற்றி இடம் மாற்றித் திரும்பத் திரும்பக் கூட்டுவதே என்பதால், அங்கு தாமதம் மேலும் பெருகும்.

இயந்திரக் கணிப்பு தோன்றிய நாள்தொட்டே இச்சிக்கல் இருந்து வருகிறது. வரி அதிகாரியான தந்தைக்கு உதவுவதற்காக 1642இல் பிளைஸ் பாஸ்கல் உருவாக்கத் தொடங்கிய பல்சக்கரக் கணிப்பானில், மீதியை அடுத்த சக்கரத்துக்குக் கடத்துவதற்கெனத் தனி நெம்புகோல் அமைப்பு தேவைப்பட்டது. இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ், 1830களில் தமது பகுப்பாய்வு இயந்திரத்தை வடிவமைத்தபோது, எல்லா மீதிகளையும் முன்கூட்டியே கண்டறிந்து ஒரே வீச்சில் கடத்தும் பொறியமைப்புக்காகப் பெரிதும் உழைத்தார்.

சிறிதாகக் கட்டுவது ஏன்?

தடம் நீண்டால் ரிப்பீட்டர்கள் கூடும். ரிப்பீட்டர் ஒவ்வொன்றும் தாமதத்தைக் கூட்டும். இது முதல் காரணம்.

இரண்டாவது காரணம் விளையாட்டின் அமைப்பில் உள்ளது. மைன்கிராஃப்ட் தனது உலகை 16க்கு 16 கட்டைகள் கொண்ட பகுதிகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஆட்டக்காரருக்கு அருகில் உள்ள பகுதிகளை மட்டுமே அது இயக்கும். மிகப் பெரிய கால்குலேட்டரின் ஒரு கோடியில் நின்று லீவரைத் தட்டினால், மறு கோடி உறக்கத்தில் இருக்கக்கூடும். அப்போது சமிக்ஞை நடுவழியில் நின்றுபோய், விடை தவறாகும்.

மூன்றாவது, சுமை. விளையாட்டு வினாடிக்கு 20 முறை தன் உலகைப் புதுப்பிக்கிறது. ஒரு தூள் தடத்தின் வலிமை மாறும்போதெல்லாம் அருகில் உள்ள கட்டைகள் அனைத்துக்கும் அச்செய்தி தெரிவிக்கப்பட வேண்டும். தடங்கள் நீண்டு கிடந்தால் விளையாட்டே திணறத் தொடங்கும்.

சில்லுகளின் உலகிலும் இதுவே நிலை. ஒளியே ஒரு நானோ வினாடியில் சுமார் 30 சென்டிமீட்டர் தூரம்தான் செல்லும். அமெரிக்கக் கடற்படை அதிகாரியும் கணினி அறிவியலாளருமான கிரேஸ் ஹாப்பர், அந்த நீளமுள்ள கம்பித் துண்டுகளைக் கூட்டங்களுக்கு எடுத்துச் சென்று, கணினிகள் ஏன் சிறிதாக வேண்டும் என்பதை விளக்குவார்.

சுருக்கும் உத்திகள்

கட்டுமானத்தைச் சுருக்குவதில் முதல் திருப்பம், 2013ஆம் ஆண்டு மார்ச் மாதம் வெளியான 1.5 பதிப்பில் அறிமுகமான கம்பாரேட்டர். இதன் கழித்தல் நிலையில், பின்புறமாக வரும் சமிக்ஞையின் வலிமையில் இருந்து பக்கவாட்டில் வரும் வலிமையைக் கழித்து, மிஞ்சுவதை முன்புறம் வெளியிடும். சம வலிமையுள்ள இரண்டு உள்ளீடுகளை, ஒன்றில் இருந்து மற்றொன்றைக் கழிக்குமாறு இரண்டு கம்பாரேட்டர்களுக்கு மாற்றி மாற்றிக் கொடுத்தால், உள்ளீடுகள் வேறுபடும்போது மட்டுமே வெளியீடு கிடைக்கும். பல டார்ச்சுகள் தேவைப்பட்ட 'எக்ஸ்-ஆர்' வாயில், இவ்வாறு இரண்டு கருவிகளில் அடங்கிவிடுகிறது.

இரண்டாவது உத்தி, மீதியைக் காத்திருக்க வைக்காமல் இருப்பது. ஓர் இடத்தில் இரண்டு இலக்கங்களும் 0 என்றால், எந்த மீதி வந்தாலும் அது அங்கேயே நின்றுவிடும். இரண்டும் 1 என்றால், வந்தாலும் வராவிட்டாலும் புதிய மீதி பிறக்கும். இலக்கங்கள் வேறுபட்டால், வருகின்ற மீதி அப்படியே கடந்து செல்லும். நிறுத்து, பிறப்பி, கடத்து என்ற இந்த மூன்று முடிவுகளையும் ஒவ்வோர் இடமும் தன் இலக்கங்களை மட்டும் பார்த்து, மற்ற இடங்களுக்குக் காத்திராமல் ஒரே நேரத்தில் எடுத்துவிடலாம். பின்னர், ஏற்கெனவே திறந்து வைக்கப்பட்ட பாதையில் மீதி ஒரே ஓட்டமாக ஓடும். இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகப் பொறியாளர்கள் 1959இல் வெளியிட்ட அதிவேக மீதிச் சுற்றும் இதே கருத்தின்மீது அமைந்ததே.

இங்குதான் சுருக்கமும் வேகமும் கைகோக்கின்றன. ரெட்ஸ்டோன் தூளில் பாயும் சமிக்ஞைக்கு, 15 கட்டைத் தொலைவுக்குள் தாமதமே இல்லை. எட்டு முழுக்கூட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக, இரண்டு கட்டை உயரத்துக்கு ஒன்று வீதம் அடுக்கினால், முதல் தளத்தில் இருந்து எட்டாவது தளம் வரை சரியாக 15 கட்டைகள். ரிப்பீட்டர் எதுவும் இன்றி மீதி உச்சிவரை சென்றுவிடும். தளத்துக்கு மூன்று கட்டை உயரம் என்றாலே இந்தக் கணக்கு உடைந்துவிடும். 16 பிட் கூட்டிக்கு 31 கட்டைகள்; நடுவில் ஒரே ஒரு ரிப்பீட்டர் போதும். முன்பு 3.2 வினாடி பிடித்த மீதியின் பயணம், கோட்பாட்டளவில் 0.1 வினாடியாகிறது.

ஆனால் மீதி மேலே மட்டுமே செல்ல வேண்டும். கீழிறங்கி வந்தால் விடை பிழைபடும். இதற்கும் ஒரு வழி உண்டு. விளையாட்டின் ஜாவா பதிப்பில், கண்ணாடிக் கட்டைகளின் மீது படிப்படியாகத் தூவப்பட்ட ரெட்ஸ்டோனில் சமிக்ஞை மேலேறும், கீழிறங்காது. கட்டடம் கட்டுவோர் சாளரத்துக்குப் பயன்படுத்தும் கண்ணாடி, கால்குலேட்டர் கட்டுவோருக்கு ஒருவழிப் பாதை.

அடுக்கும்போது மற்றொரு கட்டுப்பாடும் உண்டு. அருகருகே உள்ள தூள் தடங்கள் தாமாகவே ஒன்றோடொன்று இணைந்துகொள்ளும். எனவே ஒரு தளத்தின் கம்பி அடுத்த தளத்தின் கம்பியைத் தொடாதவாறு, அதே வடிவம் திரும்பத் திரும்ப வரும் தொகுதியை உருவாக்க வேண்டும். அத்தகைய ஒரு தொகுதி கிடைத்துவிட்டால், நான்கு பிட்டோ 32 பிட்டோ, பிரதியெடுத்து அடுக்கினால் போதும்.

கழித்தலும் விடைப் பலகையும்

கழிப்பதற்குத் தனிக் கருவி தேவையில்லை என்பது இரும எண்முறையின் சிறப்பு. கழிக்க வேண்டிய எண்ணின் ஒவ்வோர் இலக்கத்தையும் தலைகீழாக்கி, 1 சேர்த்துக் கூட்டினால் கழித்தலின் விடை கிடைக்கும். ஏழில் இருந்து ஐந்தைக் கழிக்க, 0101ஐத் தலைகீழாக்கி 1010 ஆக்க வேண்டும். 1 சேர்த்தால் 1011. அதை 0111உடன் கூட்டினால் 10010. நான்கு இடங்களுக்கு வெளியே வழியும் முதல் இலக்கத்தை விட்டுவிட்டால் 0010, அதாவது இரண்டு. சேர்க்க வேண்டிய அந்த 1ஐ, கூட்டியின் அடித்தளத்துக்குச் செல்லும் மீதியாகவே கொடுத்துவிடலாம். எனவே கூட்டலுக்கும் கழித்தலுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஒரே ஒரு லீவர்.

விடையை மனிதர் படிக்கும் வகையில் காட்டுவது, கணக்கிடுவதைவிடக் கூடுதலாக இடம் கேட்கும் வேலை. இரும எண்ணைப் பத்தின் இலக்கங்களாக மாற்ற, அதை ஒவ்வோர் இடமாக இடப்புறம் நகர்த்திக்கொண்டே, 5 அல்லது அதற்கு மேற்பட்ட மதிப்புள்ள இலக்கத் தொகுதியில் 3ஐக் கூட்டும் முறை கையாளப்படுகிறது. பின்னர், மின்னணுக் கடிகாரங்களில் காணப்படுவது போன்ற ஏழு கோடுகள் கொண்ட விளக்குப் பலகையில் அந்த இலக்கம் ஒளிரும்.

சமையலறை மேசையில் தொடங்கிய கதை

விளையாட்டுப் பொருள்களால் கூட்டியைக் கட்டும் இம்முயற்சிக்கு மதிப்புமிக்க முன்னோடி உண்டு. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பணியாற்றிய ஜார்ஜ் ஸ்டிபிட்ஸ், 1937ஆம் ஆண்டு தம் வீட்டுச் சமையலறை மேசையில், பழைய தொலைபேசி ரிலேக்கள், டார்ச் லைட் பல்புகள், புகையிலை டப்பாவில் இருந்து வெட்டிய தகரத் துண்டுகள் ஆகியவற்றைக் கொண்டு இரும எண் கூட்டி ஒன்றை அமைத்தார். சமையலறையைக் குறிக்கும் ஆங்கில எழுத்தால் அது 'மாடல் கே' என்று பெயர் பெற்றது. அதே ஆண்டு கிளாட் ஷானன் எழுதிய முதுநிலை ஆய்வேடு, 1854இல் ஜார்ஜ் பூல் வகுத்த தருக்க இயற்கணிதத்தை மின்சுற்றுகளால் செயல்படுத்த முடியும் என்று நிறுவியது. இரும எண் கூட்டிக்கான சுற்றும் அதில் இடம்பெற்றிருந்தது.

இந்தியாவில், மும்பையில் உள்ள டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய டிஃப்ராக் கணினி 1960இல் செயல்பாட்டுக்கு வந்தது. வெற்றிடக் குழாய்களால் இயங்கிய அக்கணினி, 40 பிட் நீளமுள்ள எண்களைக் கையாண்டது. ரிலே, வெற்றிடக் குழாய், டிரான்சிஸ்டர், ரெட்ஸ்டோன் டார்ச் எனப் பொருள் எதுவாயினும் கூட்டலின் தருக்கம் ஒன்றே.

சரிதானா என்று அறிவது எப்படி?

கட்டிய கால்குலேட்டர் சரியாக இயங்குகிறதா என்பதை அறிவதும் ஒரு கலை. முழுக்கூட்டிக்கு மூன்று உள்ளீடுகள். எனவே எட்டு நிலைகளைச் சோதித்தால் போதும். நான்கு பிட் கூட்டிக்கு 256 இணைகள். எட்டு பிட்டுக்கு 65,536. இவற்றை லீவர் தட்டிச் சோதிப்பது இயலாது. ஆகவே அனுபவம் வாய்ந்தோர் ஒவ்வொரு தொகுதியின் எட்டு நிலைகளையும் தனித்தனியே சோதித்துவிட்டு, 255உடன் 1ஐக் கூட்டுவது போல, மீதி அடிமுதல் நுனிவரை ஓட வேண்டிய கடினமான கணக்குகளைக் கொடுத்துப் பார்க்கின்றனர்.

தொழில் உலகில் இதன் விலை மிகப் பெரிது. 1994இல் இன்டெல் நிறுவனத்தின் பென்டியம் சில்லில், வகுத்தலுக்கான அட்டவணையில் சில பதிவுகள் விடுபட்டதால் அரிதான கணக்குகளில் விடை பிழையானது. அதற்காக அந்நிறுவனம் 47.5 கோடி டாலர் இழப்பைக் கணக்கில் ஏற்க நேர்ந்தது.

மாணவர்களுக்கு என்ன பயன்?

சிபிஎஸ்இ பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடத்திட்டத்தில் தருக்க வாயில்கள், உண்மை அட்டவணை, டி மார்கன் விதிகள் ஆகியவை இடம்பெற்றுள்ளன. தாளில் வரையப்படும் வாயிலுக்குத் தாமதம் இல்லை, இடமும் தேவையில்லை. கட்டைகளால் கட்டும்போதுதான் ஒவ்வொரு வாயிலும் இடத்தையும் நேரத்தையும் கேட்கிறது என்பது புலப்படும். 2021 டிசம்பரில் ரூ.76,000 கோடி மதிப்பிலான செமிகண்டக்டர் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த நிலையில், சில்லு வடிவமைப்பில் இடத்துக்கும் வேகத்துக்கும் இடையிலான இந்தப் பேரம் இந்திய மாணவர்களுக்குத் தொலைவான செய்தியன்று. பள்ளிகளுக்கென 2016இல் வெளியான மைன்கிராஃப்ட் கல்விப் பதிப்பிலும் ரெட்ஸ்டோன் உண்டு.

நடைமுறைக் கணக்குக்கு இந்தக் கால்குலேட்டர் பயன்படாது என்பதையும் சொல்ல வேண்டும். விளையாட்டுக்குள் ஒரு கூட்டல் நடந்து முடிவதற்குள், அந்த விளையாட்டை இயக்கும் கணினி கோடிக்கணக்கான கூட்டல்களைச் செய்து முடித்திருக்கும். அந்தக் கூட்டல்கள் கண்ணுக்குத் தெரியாதவை. கட்டைகளில் நடக்கும் கூட்டலில், மீதி எந்தத் தளத்தில் நின்றது என்பதைக்கூட நடந்து சென்று பார்க்கலாம்.

தொடங்க விரும்புவோர்க்கு இரண்டு லீவர்கள், இரண்டு விளக்குகள், ஓர் அரைக்கூட்டி போதும். லீவர்கள் இரண்டையும் தட்டும்போது, வலப்புற விளக்கு அணைந்து இடப்புற விளக்கு எரிந்தால், ஒன்றும் ஒன்றும் இரண்டு என்பதை அந்தக் கட்டைகள் சரியாகச் சொல்லிவிட்டன என்று பொருள்.